கரியமில வாயுவைத் தாவரங்கள் பயன்படுத்தும் முறை: அறிவியல் விளக்கத்தின் வளர்ச்சி

முன்னுரை

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம். அக்கரிமம் காற்றிலிருந்து வந்தது என்பது இன்று பள்ளிப் பாடம். ஆயினும் காற்றில் கரியமில வாயுவின் பங்கு 0.04 விழுக்காடு மட்டுமே. இவ்வளவு அரிதான பொருளிலிருந்து காடும் கழனியும் உருவாகின்றன என்பதை ஏற்க அறிவியலுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிடித்தன. அது எவ்வழியில் நிகழ்கிறது என்பதை அறிய இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஒவ்வொரு காலத்திலும் எதை அளக்க முடிந்ததோ அதுவே முழு விடையாகக் கொள்ளப்பட்டதால்தான் இத்தாமதம் நேர்ந்தது என்னும் கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

மண், நீர், காற்று

பிளெமிஷ் மருத்துவர் வான் ஹெல்மான்ட் ஒரு தொட்டியில் 200 பவுண்டு உலர்மண்ணை நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். 5 ஆண்டுகளுக்குப் பின் மரத்தின் எடை 169 பவுண்டைத் தாண்டியிருந்தது. மண்ணைக் காயவைத்து நிறுத்தபோது ஏறத்தாழ 2 அவுன்சுதான் குறைந்திருந்தது. மரம் முழுவதும் நீரிலிருந்தே உண்டானது என்று அவர் முடிவு கட்டினார். அவர் மறைந்த பிறகு, 1648-இல் வெளியான நூலில் இச்சோதனை இடம்பெற்றுள்ளது. 62 பவுண்டு ஓக் மரக்கரியை எரித்தால் 1 பவுண்டு சாம்பலே மிஞ்சும், மீதி 61 பவுண்டும் வாயுவாகிப் போகும் என்ற கணக்கும் அதே நூலில் உண்டு. கரி வாயுவாவதைக் கண்டவருக்கு, வாயு மரமாகக் கூடும் என்ற எண்ணம் எழவில்லை. மண்ணும் நீரும் மரமும் தராசில் ஏறின. காற்றிலுள்ள வாயுக்களைப் பிரித்து நிறுக்க அன்று வழியில்லை.

அந்த வழியை 18-ஆம் நூற்றாண்டின் வாயு ஆய்வுகள் திறந்தன. 1750-களில் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் கரியமில வாயுவை எடைக்கணக்கோடு ஆராய்ந்து, அது சாதாரணக் காற்றினின்றும் வேறானது என்று காட்டினார். 1771 ஆகஸ்டில் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றில் ஒரு புதினாத் தண்டை வைத்தார். பத்து நாள் கழித்து அதே காற்றில் வேறொரு மெழுகுவத்தி நன்றாக எரிந்தது. கெட்ட காற்றைச் செடி சீராக்குகிறது என்பது அவர் கண்ட முடிவு. ஆனால் சோதனை எல்லாச் சமயத்திலும் பலிக்கவில்லை. காரணத்தை 1779-இல் யான் இங்கென்ஹவுஸ் கண்டறிந்தார்: வெயில் பட்டால்தான் செடி அவ்வேலையைச் செய்கிறது; அதிலும் பசுமையான பகுதிகள் மட்டுமே செய்கின்றன. 1782-இல் ஜெனிவாவின் ஜான் செனெபியே, கரியமில வாயு இருந்தாலன்றி இச்செயல் நடக்காது என்று நிறுவினார்.

இவற்றை ஒரு வரவு செலவுக் கணக்காக்கியவர் அதே நகரத்தவரான நிக்கோலா தியோடர் தெ சொசூர். மூடிய கண்ணாடிக் கலங்களில் செடிகளை வைத்து, மறைந்த கரியமில வாயுவையும் செடியில் கூடிய கரிமத்தையும் ஒப்பிட்டார். கரிமத்தின் எடையைவிடச் செடியின் உலர் எடை அதிகமாகக் கூடியிருந்தது. மிகுதியை நீர் தந்திருக்க வேண்டும் என்று அவர் கணித்தார். 1804-இல் அவர் நூல் வெளிவந்த பின்னரும், கரிமம் மண்ணின் மக்கிலிருந்தே வருகிறது என்ற கொள்கை வேளாண் அறிஞரிடையே நீடித்தது. 1840-இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் அதைக் கடுமையாக மறுத்த பிறகே காற்றின் பங்கு பரவலாக ஏற்கப்பட்டது. 1860-களில் யூலியஸ் சாக்ஸ், ஒளிபட்ட இலையில் பசுங்கணிகத்துக்குள் மாவுச்சத்து உண்டாவதை அயோடின் சோதனையால் காட்டினார்.

கதிரியக்கக் கரிமம் காட்டிய தடம்

உள்ளே போவதும் வெளியே வருவதும் தெரிந்தன. நடுவில் நடப்பது தெரியவில்லை. கரியமில வாயு பிளந்து ஆக்சிஜன் வெளியேறுகிறது, எஞ்சிய கரிமம் நீரோடு சேர்ந்து சர்க்கரையாகிறது என்பதே நெடுங்காலம் நிலவிய கருத்து. 1930-களில் நுண்ணுயிரியலாளர் வான் நீல், கந்தக பாக்டீரியாக்களை ஆராய்ந்து இதை ஐயுற்றார். அவை ஹைட்ரஜன் சல்பைடைப் பயன்படுத்திக் கந்தகத்தை விடுகின்றன. அவ்வாறே தாவரங்கள் நீரைப் பிளந்து ஆக்சிஜனை விடுகின்றன என்பது அவர் வாதம். 1941-இல் ரூபனும் கேமனும் குழுவினரும் ஆக்சிஜன்-18 என்ற கன ஐசோடோப்பைக் கொண்டு, வெளிவரும் ஆக்சிஜன் நீரிலிருந்தே வருகிறது என்று சான்று தந்தனர்.

அதே இருவர் 1940-இல் பெர்க்லியில் கண்டுபிடித்த கரிமம்-14, அடுத்த கட்டத்துக்குக் கருவியாயிற்று. மெல்வின் கால்வின், ஆண்ட்ரூ பென்சன், ஜேம்ஸ் பாசம் ஆகியோர் குளோரெல்லா என்னும் பச்சைப்பாசியைத் தட்டையான கண்ணாடிக் கலத்தில் ஒளியில் வைத்து, கதிரியக்கக் கரியமில வாயுவைச் செலுத்தினர். சில வினாடிகளில் பாசியைச் சூடான ஆல்கஹாலில் கொட்டி உயிர்ச்செயலை நிறுத்தினர். சாற்றைத் தாளில் இருதிசைகளில் படரவிட்டுப் பிரித்து, எக்ஸ்ரே பிலிமை அதன்மேல் வைத்தனர். கதிரியக்கம் உள்ள இடங்கள் கரும்புள்ளிகளாகப் பதிந்தன. நேரத்தைக் குறைக்கக் குறைக்கப் புள்ளிகள் குறைந்து, இறுதியில் மூன்று கரிம அணுக்கள் கொண்ட பாஸ்போகிளிசரிக் அமிலமே மேலோங்கி நின்றது. ஆகவே வாயுவை ஏற்கும் பொருளில் இரு கரிமம் இருக்கவேண்டும் என்று முதலில் தேடினர். உண்மையில் அது ஐந்து கரிமச் சர்க்கரைப் பாஸ்பேட்டு. ஐந்தோடு ஒன்று சேர்ந்து ஆறாகி, உடனே மூன்று மூன்றாகப் பிளக்கிறது. இச்சுழற்சியை விளக்கியதற்காகக் கால்வினுக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கரும்பும் ரணகள்ளியும்

பாசியில் கண்ட பாதை எல்லாத் தாவரங்களுக்கும் பொது என்று கருதப்பட்ட வேளையில் கரும்பு அதற்கு இணங்கவில்லை. ஹவாய்க் கரும்பு ஆய்வாளர்கள் இதே முறையைக் கையாண்டபோது முதலில் பதிந்தவை நான்கு கரிமம் கொண்ட மாலிக், அஸ்பார்டிக் அமிலங்கள். அம்முடிவு 1965-இல் வெளியாயிற்று. மறு ஆண்டே ஆஸ்திரேலியாவின் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் இப்பாதையை விளக்கினர். இதன் தேவை 1971-இல் புலப்பட்டது. வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி, கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனையும் பிடித்துவிடுகிறது; அதனால் சேர்த்த கரிமத்தில் ஒரு பகுதி வீணாகிறது. கரும்பு, மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவை வாயுவை முதலில் நான்கு கரிம அமிலமாக்கி, நரம்புகளைச் சூழ்ந்த செல்களுக்குள் செறிவித்து இவ்விழப்பைத் தவிர்க்கின்றன. நெல்லுக்கும் கோதுமைக்கும் இவ்வசதி இல்லை.

மூன்றாவது முறையின் தடயம் இந்தியாவில் கிடைத்தது. தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளராக வந்து, பின் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரான பெஞ்சமின் ஹைன், ரணகள்ளி இலையைச் சுவைத்துப் பார்த்தார். காலையில் புளித்த இலை நண்பகலில் சுவையற்றும் மாலையில் கசந்தும் இருந்தது. இதுபற்றி அவர் எழுதியது 1815-இல் லண்டன் லின்னியன் கழக இதழில் வெளியாயிற்று. இரவில் இலைத்துளைகளைத் திறந்து வாயுவை அமிலமாகச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதைச் செலவிடுவதே அப்புளிப்பின் காரணம் என்பது 20-ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று.

முடிவுரை

1958-இல் ஹவாயின் மௌனா லோவாவில் தொடர் அளவீடு தொடங்கியபோது, காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. வாயு கூடினால் விளைச்சல் கூடும் என்ற வாதமும் உடன் எழுந்துள்ளது. ஆனால் 550 பங்கையொட்டிய செறிவில் திறந்த வயலில் விளைந்த கோதுமையில் துத்தநாகம் சுமார் 9 விழுக்காடும் இரும்பு 5 விழுக்காடும் குறைந்தன என்று 2014-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நெல்லிலும் இவை குறைந்தன. மக்காச்சோளம் போன்ற நான்கு கரிமப் பயிர்களில் பாதிப்பு குறைவே. எடையை மட்டும் அளந்து பெற்ற விடைகள் அரைகுறையானவை என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினை. வருங்காலப் பயிர் ஆய்வுகள் விளைச்சலோடு தானியத்தின் சத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும்.