வாவிக்கரையில் எம் மாணவியர்

கல்லூரியின் நூறாண்டை எழுதப் புகுந்தால் அதிபர்கள், கட்டடங்கள், பரீட்சைப் பெறுபேறுகள் என்றே ஏடுகள் நிரம்பிவிடும். அவற்றுக்கு இம்மலரில் வேறு பக்கங்கள் உள. முழங்காலளவு சேற்றில், வெளுத்தாலும் போகாத கறையோடு நடந்த ஒரு பணியையும் பதிந்துவைப்பது எம் கடனெனக் கருதுகிறோம்.

மட்டக்களப்பு வாவியை எமக்குப் பாடமாக்கியவர்கள் தாவரவியல் ஆசிரியைகளே. உயர்தர வகுப்பினர், 1913 இல் கட்டப்பட்ட பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் சென்று கண்டல் இலைகளைச் சேகரித்து ஒட்டுவர். மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய்போல் தொங்கும் கண்டல் வித்தையும், பால் கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும் தில்லையையும் அங்கேதான் அறிந்தோம். (தில்லைக்கு அஞ்சித் தூர நின்றே படம் வரைந்தவர்கள் இதை வாசிக்கையில் சிரிப்பர்.) அது படிப்பு, தொண்டு என்று எவரும் சொல்லவில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பின்னும் சிரமதானம் என்றால் பாடசாலை வளவும் வீதியும்தான். பிறகு போர் வந்தது. வாவிக்கரைகளில் பாதுகாப்பின் பெயரால் கண்டல்கள் வெட்டப்பட்டன. வெளிக்களப் பயணங்களும் நின்றன.

2004 டிசம்பர் 26 எல்லாவற்றையும் மாற்றியது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடந்த நாவலடி அழிந்தது. பாடசாலை மீண்டும் தொடங்கிய நாளில், இடாப்பிற் கூப்பிட்டும் பதில் வராத பெயர்கள் இருந்தன.

அதன்பின் கண்டல் நடுவது நாடெங்கும் ஓர் இயக்கமாயிற்று. நட ஆளும் பணமும் வந்தன. நட்டதைத் திரும்பிப் பார்க்க வந்தவர் குறைவு. எம் சுற்றாடல் முன்னோடிகள் தேர்ந்துகொண்டது அந்தத் திரும்பிப் பார்க்கும் வேலையைத்தான். தவணைக்கு ஒருமுறை கரைக்குச் சென்று, உயிரோடுள்ள கன்றுகளை எண்ணி, உயரத்தை அளந்து கொப்பியில் எழுதினர். புகைப்படத்துக்கு உகந்த வேலையன்று. ஒரு தவணையில் எண்ணிய கன்று அடுத்த தவணையில் இராது. ஏனென்று கேட்டபோது விடை தோணிக்காரரிடம் இருந்தது. மாரியில் முகத்துவாரம் மண்மூடிக் கிடந்தால் வாவி நீர் ஏறி நிற்கும். நாட்கணக்கில் மூழ்கிய கன்று மூச்சுமுட்டிச் சாகும். மிஞ்சியதைக் கோடையில் மாடு மிதிக்கும்.

2017 இல் வெளியான ஆய்வொன்று இதையே நாடளவிற் காட்டிற்று. சுனாமிக்குப் பின் இலங்கையில் ஆயிரம் முதல் ஆயிரத்து இருநூறு ஹெக்டேயர் வரை நடுகைக்கு முயன்றும், ஏறத்தாழ ஐந்திலொன்றே தேறியது. ஆராய்ந்த 23 இடங்களுள் ஒன்பதில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பொருந்தாத நிலம், பெரும்பாலும் ஒரேயினக் கண்டல், நட்டபின் கவனிப்பின்மை என்பன காரணங்கள். எம் பிள்ளைகளின் கொப்பிகளுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

இன்றைய மாணவியர் நடுவதைவிடக் காப்பதையே அதிகம் செய்கின்றனர். வேர்களிற் சிக்கிய வலைத்துண்டுகளையும் பொலித்தீனையும் அகற்றுகின்றனர். தானாக விழுந்து முளைத்த கன்றுகளுக்கு வேலி கட்டுகின்றனர். 2015 இல் நாட்டின் கண்டல்கள் அனைத்தையும் பாதுகாப்பதாக அரசு அறிவித்தது. இரவில் வாவிக்குள் குப்பை கொட்டுவோரை அவ்வறிவிப்பு இன்னும் எட்டவில்லை.

இடப்பெயர்வுக் காலத்துக் கொப்பிகள் இரண்டு எம்மிடம் இல்லை. கனடாவிலோ லண்டனிலோ உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் அவை இருக்குமாயின் சங்கச் செயலாளருக்கு அறியத்தாருங்கள். பக்கங்களைப் படம்பிடித்து அனுப்பினாலும் போதும். அடுத்த தவணை எண்ணிக்கைக்கு முன் கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.