மேல்சிறுவளூர் உருக்கும் மேனாட்டார் ஆராய்ச்சியும்

ரிஷிவந்தியத்திலிருந்து வடமேற்கே, கல்வராயன் மலையைப் பார்த்த வண்ணம் செல்வோர் சங்கராபுரம் பகுதியை அடைவர். அப்பகுதியில் மேல்சிறுவளூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கிய இவ்வூர்ப்புறம் முன்னர்த் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இலண்டன் தொல்லியல் கல்லூரியில் ஆய்வு மாணவியாக இருந்த ஷாரதா சீனிவாசன் 1990களின் தொடக்கத்தில் இங்கு வந்து, இரும்புக் கிட்டத்தோடு கலந்து கிடந்த கறுத்த மண் ஓடுகளைப் பொறுக்கிச் சென்றார். பானை ஓடுகளாய் இருந்தால் அவற்றில் வியப்பில்லை. அவையோ மூசைகளின் உடைந்த துண்டுகள். தட்டார் பொன்னுருக்கும் மூசையை நம்மில் பலர் பார்த்திருப்போம். இவை இரும்பை உருக்கிய மூசைகள். 1994-இல் வெளியான அவருடைய கட்டுரை, பழங்காலத்தில் புகழ் பெற்ற இந்திய எஃகு உருவான இடங்களுள் மேல்சிறுவளூரும் ஒன்று என்று உலகுக்கு அறிவித்தது.

அந்த எஃகுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் 'வூட்ஸ்'. கன்னடத்து 'உக்கு' என்னும் சொல் அவர்கள் வாயில் பட்ட பாட்டால் இப்படி ஆயிற்று என்பர். தமிழில் இதற்கு 'உருக்கு' என்றே பெயர். இச்சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஊதுலையில் இரும்பு உருகி ஓடுவதில்லை. தூய இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அக்காலத்து ஊதுலைகள் அதனை எட்டியதில்லை. கனிமத்திலிருந்து பிரிந்த இரும்பு கடற்பஞ்சு போன்ற ஒரு கட்டியாக அடியில் தங்கும். அதனைச் சம்மட்டியால் அடித்தடித்துக் கிட்டத்தை நீக்குவர். அப்படியிருக்க, நம் முன்னோர் ஒருவகை இரும்பை மட்டும் உருக்கு என்று அழைத்தார்கள் என்றால், அதனை மெய்யாகவே உருக்கினார்கள் என்பதற்கு அப்பெயரே ஒரு சான்றாகிறது. உருகாத வெப்பத்தில் இரும்பு எப்படி உருகியது? இரசாயனம் என்னும் கலை தன் கையில் எடுத்துப் பார்த்த நல்ல கேள்விகளுள் இதுவும் ஒன்று.

கேள்வி பழையது. அரபுநாட்டார் இந்திய வாளை 'முஹன்னத்' என்று சிறப்பித்தனர். கலீபா முஃதஸிம் காலத்தில் (ஆட்சி 833–842) அல்கிந்தீ வாள்களைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதினார். கனிமத்திலிருந்து நேரே கிடைக்கும் இரும்பை வன்மையானது, மென்மையானது என இரண்டாகப் பிரித்த அவர், 'பூலாத்' என்னும் எஃகு அவ்வாறு கிடைப்பதன்று என்றும், இரும்பை உருக்குங்கால் வேறு பொருள் சேர்த்துச் செய்யப்படுவது என்றும் வகுத்தார். ஸரந்தீப் வாள்களையும் அவர் விட்டுவிடவில்லை. பொன்செய்யும் வித்தை பலிக்காது என்று மறுத்து எழுதியவரும் இவரே. இரசாயனத்திற்கு ஐரோப்பியர் வழங்கும் பெயர் 'அல்கீமியா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பதைப் பலர் அறிவர். அந்தக் கீமியாவின் பேராசையை மறுத்தவரும் அதே அரபு உலகில் இருந்தார் என்பதை அறிந்தோர் சிலரே.

'வேறு பொருள் சேர்த்து' என்றார் அல்கிந்தீ. எந்தப் பொருள்? இதற்கு விடைகாணும் தராசு ஐரோப்பாவில் பின்னர்தான் அமைந்தது. 1781-இல் சுவீடன் நாட்டு பெர்க்மன், தேனிரும்பு, எஃகு, வார்ப்பிரும்பு மூன்றையும் அமிலத்தில் கரைத்து, கரையாமல் எஞ்சிய கரிய தூளை நிறுத்துப் பார்த்தார். தேனிரும்பில் அது மிகக் குறைவு. எஃகில் அதனினும் மிகுதி. வார்ப்பிரும்பில் எல்லாவற்றினும் மிகுதி. 1786-இல் வாந்தர்மோந்த், பெர்த்தொல்லே, மோஞ்சு என்னும் பிரெஞ்சு அறிஞர் மூவர், அந்தக் கரிப்பொருளே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்று உறுதி செய்தனர். எஃகு என்பது இரும்பும் சிறிது கரியும், அவ்வளவே. இத்தனை எளிய விடைக்கு இத்தனை நூற்றாண்டுகளா என்று கேட்கத் தோன்றும். கரைத்து, வடித்து, நிறுத்துப் பார்க்கும் பொறுமை தோன்றும் வரை எளிய விடைகளும் மறைந்தே கிடக்கும் போலும்.

இந்நிலையில் பம்பாயிலிருந்து டாக்டர் ஹெலினஸ் ஸ்காட் அனுப்பிய உருக்குக் கட்டிகள் இலண்டன் அரச கழகத் தலைவர் சர் ஜோசப் பாங்க்ஸ் கைக்கு வந்து சேர்ந்தன. அவற்றை ஆராய்ந்த ஜார்ஜ் பியர்சன் 1795-இல் தம் கட்டுரையை வெளியிட்டார். அறுத்தார், காய்ச்சினார், அமிலத்தில் கரைத்தார். பொருள் எஃகின் இனம்தான் என்று கண்டார். அதுவரை சரி. அதன்பின், இது கனிமத்திலிருந்து நேரே செய்யப்பட்டது, தேனிரும்பாக ஒருபோதும் இருந்ததில்லை என்றும் முடிவு கட்டிவிட்டார். மைசூர்ச் சீமையில் 1800-இல் ஊர் ஊராய்ச் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், கொல்லர் தேனிரும்புத் துண்டுகளை மூசையிலிட்டு உருக்கு ஆக்குவதை அருகிருந்து கண்டு எழுதினார். இலண்டன் ஆய்வுக்கூடத்தில் அனுமானித்ததை மைசூர்ப் பட்டறை பொய்யாக்கிற்று. கட்டியைக் கையில் வைத்திருந்தவர் ஒருவர், அதைச் செய்தவரிடம் சென்றவர் வேறொருவர்.

1805-இல் டேவிட் மஷெட், சாதாரண வார்ப்பெஃகைவிட உருக்கில் கரி மிகுதி என்று சரியாகச் சொன்னார். ஆயினும் வழக்கு முடிந்தபாடில்லை. கருமாரின் மகனான மைக்கேல் பாரடே, கத்தி செய்வதில் பெயர்பெற்ற ஸ்டோடர்ட்டோடு கூடி இவ்வாராய்ச்சியில் இறங்கினார். 1819-இல் அவர் உருக்கைப் பகுத்தபோது சிறிது மணற்சத்தும் களிமண் சத்தும் அகப்பட்டன. உடனே, களிமண்ணிலுள்ள அலுமினியமே உருக்கின் இரகசியம் என்று கருதினார். வெறும் கருத்தோடு நிற்கவில்லை. களிமண் சத்துச் சேர்த்துத் தாமே ஓர் எஃகு செய்தார். அதனை மெருகிட்டு அமிலம் பூச, உருக்கில் தோன்றும் அதே அலையலையான வரிகள் தோன்றின! மெய்ப்பித்தாயிற்று என்றே எவரும் எண்ணுவர். பின்வந்த பகுப்பாய்வாளர்களோ உருக்கில் பாரடே சொன்ன அலுமினியத்தைக் காணவில்லை. ஒரு பொருளைச் சேர்த்ததால் வரி வந்தது என்றால், அப்பொருளால்தான் வந்தது என்றாகுமா? அதே எஃகில் கரியும் இருந்ததே. பாரிஸ் நாணயசாலையைச் சேர்ந்த பிரேயான், ஏறத்தாழ அதே ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான உருக்குகளை வார்த்துப் பார்த்து, வரிகள் மிகுந்த கரியாலும் மெதுவாகக் குளிர்வதாலும் பிறக்கின்றன என்று முடித்தார். மின்னியலில் உலகையே மாற்றிய பாரடேயை இங்கு வென்றவர் பெயரைப் பாடநூல்கள் சொல்வதில்லை.

இவ்வளவும் ஐரோப்பாவில் நடக்க, நம் நாட்டு முறையை விரிவாகப் பதிந்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சென்னை அரசாங்க உத்தியோகத்தைத் துறந்து, 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் சேலத்துக் கனிமத்தைக் கொண்டு இரும்பாலை நிறுவியவர். மஹ்மூது பந்தர் என்று நம்மவர் வழங்கும் அந்தத் துறைமுக ஊரில் ஓர் ஆங்கில இரும்பாலை புகைந்துகொண்டிருந்தது என்பதை இன்று அவ்வூர்ப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவார்களோ! 1839-இல் ஹீத் எழுதிய கட்டுரையின்படி, தேனிரும்பைத் துண்டாக்கி மூசையிலிடுவர். எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்கட்டையைப் பொடியாய் நறுக்கிச் சேர்ப்பர். மேலே எருக்கிலை ஒன்றிரண்டு மூடி, வாயைக் களிமண்ணால் இறுகப் பூசுவர். களிமண் உலர்ந்தபின் இருபது, இருபத்துநான்கு மூசைகளை உலையில் வளைவாக அடுக்கி, மேலே கரி கொட்டி, இரண்டரை மணிநேரம் துருத்தி ஊதுவர். ஆறியபின் மூசையை உடைத்தால் அடியில் சிறு கூம்பு போல் உருக்கு கிடக்கும்.

ஆவாரையும் எருக்கும்! நம் வேலியோரத்துச் செடிகள். இவற்றைக் கண்டு சிரிக்க வேண்டியவர் ஹீத், அவரோ வியந்தார். மழைக்கோட்டுத் துணியால் பெயர்பெற்ற மாக்கின்டோஷ் 1825-இல்தான், கரி கலந்த வாயுவை இரும்பின்மேல் செலுத்தி விரைவில் எஃகு ஆக்க உரிமைப்பட்டயம் பெற்றிருந்தார். மூடிய மூசைக்குள் பச்சிலையும் கட்டையும் வெந்தால் அதே வாயு தோன்றும்; களிமண் பூச்சு அதனை வெளியேற விடாது; ஆகவே இரும்பு விரைவில் கரியை ஏற்கும் என்று ஹீத் விளக்கினார். இங்கிலாந்தில் இரும்பைக் கரித்தூளில் புதைத்துச் சுட்டு எஃகாக்க நாட்கணக்கு ஆயிற்று. இங்கு இரண்டரை மணி. நம் முதற் கேள்விக்கும் விடை இதிலேயே அடங்கியிருக்கிறது. கரியை ஏற்க ஏற்க இரும்பின் உருகுநிலை தாழ்கிறது. நூற்றுக்கு நான்கு பங்கு கரி ஏறினால் 1150 பாகை அளவிலேயே உருகிவிடும்; உருக்கில் உள்ளதோ ஒன்றரைப் பங்கு அளவு. அதற்கு இன்னும் வெப்பம் வேண்டுமெனினும், தூய இரும்புக்கு வேண்டிய வெப்பம் வேண்டா. கொல்லர் உலையை மேலே ஏற்றவில்லை. இரும்பைக் கீழே இறக்கினார்கள்.

ஹீத்தின் கதை துயரமானது. ஷெபீல்டு எஃகுக்கு மாங்கனீசு சேர்த்து உயர்த்தும் வழியை அவர் 1839-இல் பதிவு செய்தார். ஆலைக்காரர்களோ சேர்க்கும் விதத்தைச் சற்று மாற்றிக்கொண்டு பங்கு தர மறுத்தனர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. முடியுமுன்பே அவர் மறைந்தார். பரங்கிப்பேட்டை ஆலையும் நிலைக்கவில்லை. நாட்டுக் கொல்லரின் நிலை அதனினும் கொடிது. கப்பலில் வந்திறங்கிய மலிவான இரும்பும், கரிக்குக் காடுவெட்டத் தடையும் சேர்ந்து, 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் உலைகளை அவித்துவிட்டன. ஐரோப்பா அவர்கள் கைவேலையைப் பகுத்தாராய்ந்து முடிக்குமுன் அவர்கள் கலைந்துபோயினர்.

அதனால் மீதி ஆராய்ச்சியை ஓடுகளிடமும் பழைய வாள்களிடமும் கேட்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் வெர்ஹோவன் என்னும் பேராசிரியரும் பென்ட்ரே என்னும் கொல்லரும் இணைந்து பழைய டமாஸ்கஸ் வாளை மீண்டும் செய்து பார்த்து, 1998-இல் தம் முடிவை வெளியிட்டனர். வரி தெளிவாக விழுவதற்கு வனேடியம் போன்ற உலோகம், ஒரு இலட்சம் பங்கில் மூன்று நான்கு பங்காவது, இரும்பில் கலந்திருக்க வேண்டும் என்றனர். அச்சிறு அளவைத் தேடும் கருவி பாரடேயிடம் இல்லை. இம்முறை பேராசிரியர் கொல்லரைத் தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பாரடேயிடம் இல்லாத இன்னொன்று, உலோகத்தை நுண்பெருக்கியில் பார்க்கும் முறை. ஷெபீல்டைச் சேர்ந்த சார்பி 1863-ஐ ஒட்டி எஃகை மெருகிட்டு, அமிலம் தொட்டு, நுண்பெருக்கியில் வைத்தார். மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அமைப்பு ஒன்று முத்துச்சிப்பியின் உட்புறம்போல் மின்னிற்று. அதனால் அதற்கு முத்தின் பெயரே நிலைத்தது. மேல்சிறுவளூர் ஓடுகளின் உட்பூச்சில் கடுகு போல் ஒட்டிக்கொண்டிருந்த உலோகத் துளிகளை ஷாரதா சீனிவாசன் அவ்வாறே மெருகிட்டுப் பார்த்தார். மூசை மண்ணில் கலந்திருந்த உமி கரிந்து ஓட்டைக் கறுக்க வைத்திருந்தது. துளிகளுக்குள்ளோ அதே முத்தடுக்கும், அதனைச் சுற்றி வலைபோல் படிந்த கரியேறிய இரும்பும் தெரிந்தன. மூசையை உடைத்துக் கட்டியை எடுத்துச் சென்ற கொல்லர், ஓட்டில் ஒட்டியிருந்த அந்தத் துளியைச் சுரண்டாமல் விட்டுவிட்டுப் போயிருந்தார்.