ஒரு பகா எண்ணும் அதன் அண்டை எண்ணும்

170141183460469231731687303715884105727. மொத்தம் 39 இலக்கங்கள். 2¹²⁷ − 1 என்று சுருக்கமாக எழுதப்படும் இது பகா எண்தான் என்பதை 1876இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்காஸ் நிறுவினார். 1951 வரை, அதாவது 75 ஆண்டுகள், அறியப்பட்ட பகா எண்களில் இதுவே மிகப் பெரியது. ஆனாலும் இதன் பெருமையைப் பருமனில் தேடக்கூடாது. அது இந்த எண்ணுக்கு அடுத்து நிற்கும் 2¹²⁷இல் இருக்கிறது.

லூக்காஸ் காலத்தில் ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, வகுத்துப் பார்ப்பதே வழக்கமான வழி. இந்த எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.3 × 10¹⁹. இதற்குப் பகாக் காரணி இருந்தால் அது 254இன் மடங்கைவிட ஒன்று கூடியதாகத்தான் இருக்க முடியும். அத்தகைய எண்களை மட்டும் எடுத்து, நொடிக்கு ஒரு முறை வகுத்தாலும் சுமார் 160 கோடி ஆண்டுகள் ஆகும்.

லூக்காஸ் வகுக்கவே இல்லை. ஓர் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் வருவதன் பகாக் காரணிகள் முழுவதும் தெரிந்தால், அந்த எண் பகா எண்ணா என்று தீர்ப்பளிக்க முடியும் என்பதை அவர் கண்டார். இங்கே கூட்டினால் வருவது 2¹²⁷; இரண்டைத் தவிர அதற்கு வேறு பகாக் காரணி கிடையாது. இதைவிட நல்ல அண்டை எண் அமையாது.

1930களில் கணித அறிஞர் லேமர் செப்பனிட்ட வடிவில் அந்தச் சோதனை மிக எளியது. 4இல் தொடங்க வேண்டும். வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டின் அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளில் மீதி சுழியமானால் அது பகா எண்; இல்லையேல் பகு எண். 2⁵ − 1 = 31க்குச் செய்து பார்க்கலாம். முதலில் 4, பிறகு 14, பிறகு 194. 31ஆல் வகுத்தால் 194இன் மீதி 8. எட்டின் வர்க்கத்தில் இரண்டு போனால் 62; மீதி சுழியம். மூன்றாம் படியில் சுழியம் வந்ததால் 31 பகா எண். 2¹¹ − 1 = 2047க்கு ஒன்பதாம் படியில் 1736 மிஞ்சுகிறது; எனவே அது பகு எண். 23, 89 என்ற அதன் காரணிகளை இந்தச் சோதனை காட்டிக்கொடுப்பதில்லை. 2¹²⁷ − 1க்கு வேண்டியவை 125 படிகளே.

மீதி காண்பதற்கும் வகுத்தல் தேவையில்லை. 194ஐ இரும முறையில் எழுதினால் 11000010. வகுக்கும் எண் 2⁵ − 1 ஆதலால், வலக்கோடியில் ஐந்து இலக்கங்களை வெட்டினால் 110, 00010 என இரு துண்டுகள். அதாவது 6, 2. கூட்டினால் 8.

இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த இத்தகைய எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். அவற்றுள் பகா எண்கள் எவை என்று 1644இல் மெர்சென் என்ற அறிஞர் வெளியிட்ட பட்டியலில் 2⁶⁷ − 1உம் பகா எண்ணாக இடம்பெற்றிருந்தது. அது பகு எண் என்று லூக்காஸ் காட்டினார்; காரணிகள் 193707721, 761838257287 என்பது 1903இல்தான் கோல் என்ற கணித அறிஞர் வழியாகத் தெரிந்தது. 2024இல் கண்டறியப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1, நான்கு கோடி இலக்கங்களைத் தாண்டியது. அதையும் உறுதிசெய்தது இதே சோதனைதான். மிகப் பெரிய பகா எண்களின் வரிசையில் மெர்சென் எண்களே முன்னிற்பதற்கு இந்த எளிமைதான் காரணம். அவ்வகைப் பகா எண்கள் மலிந்து கிடக்கின்றன என்பதன்று. இதுவரை அறியப்பட்டவை 52 மட்டுமே.

2, 3, 7, 127 என்ற வரிசையில், ஒவ்வொன்றையும் இரண்டின் அடுக்காக்கி ஒன்றைக் கழித்தால் அடுத்தது கிடைக்கும். ஐந்தாவதாக வருவது 2¹²⁷ − 1. ஆறாவதும் பகா எண்ணா என்ற கேள்வியைக் கட்டலான் என்ற கணித அறிஞர் எழுப்பினார். அந்த எண்ணுக்கும் அண்டையில் இரண்டின் அடுக்கே நிற்கிறது. ஆனால் சோதனைப் படிகளின் எண்ணிக்கையே 39 இலக்க எண்ணாக இருப்பதால் அதை நடத்த இயலாது. சிறு காரணிகள் உண்டா என்று தேடிப் பார்க்கத்தான் முடிகிறது. இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.