தூரிகை வழி வந்த வண்ணம்

1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்முனையில் உலகின் முதல் டாங்கிகள் களமிறங்கின. அவற்றுக்கு உருமறைப்பு வண்ணம் வகுத்துக் கொடுத்தவர் சாலமன் ஜே. சாலமன் என்னும் ஓவியர். லண்டன் ராயல் அகாடமி உறுப்பினர். உருவப்படங்களுக்குப் பெயர் பெற்றவர். பல நிறத் திட்டுகளைத் தீட்டி இரும்பின் விளிம்பைக் கலைத்துவிட்டால், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வண்டியின் உருவம் பிடிபடாது என்று அவர் கருதினார். போர்க்களச் சேறு அத்தனை நிறங்களையும் மூடிவிட்டது. பிரிட்டிஷ் படை விரைவிலேயே ஒற்றைப் பழுப்புக்கு மாறியது. ஓவியர் தொடங்கி வைத்த அந்த வழக்கம் மட்டும் மறையவில்லை.

அடுத்த பெரிய திருப்பம் 1943 பிப்ரவரியில் வந்தது. அதுவரை அடர்சாம்பல் பூசிய ஜெர்மன் ராணுவம், இனி வண்டிகள் அடர்மஞ்சள் நிறத்தில் தொழிற்சாலையை விட்டு வெளியேற வேண்டும் என உத்தரவிட்டது. கூடவே ஆலிவ் பச்சை, செம்பழுப்பு நிறக் குழம்புகள் டின்களில் படைக்கு வழங்கப்பட்டன. எந்த இடத்தில், எந்த வடிவில் பூசுவது என்பது பெரும்பாலும் களத்தில் இருந்தவர்கள் பொறுப்பு. குழம்பைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்தார்கள். ஸ்பிரே கன் இருந்தால் அடித்தார்கள். இல்லாவிட்டால் பிரஷ், துடைப்பம் என்று கைக்குக் கிடைத்ததால் பூசினார்கள். அதனால்தான் அந்த ஆண்டு ஜூலையில் கூர்ஸ்க் போரில் முதன்முதலாக இறங்கிய பேந்தர் டாங்கிகள் முதற்கொண்டு, பழைய படங்களில் ஒரே படைப்பிரிவின் வண்டிகள்கூட ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. 1944இன் பிற்பகுதியில் இந்த வேலையைத் தொழிற்சாலைகளே எடுத்துக்கொண்டன.

அந்தப் பேந்தரை மேசைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் ஷிசுவோகா நகரம். 1946இல் மரவியாபாரமாகத் தொடங்கிய தமியா நிறுவனம், 1960களின் தொடக்கத்தில் மோட்டாரில் ஓடும் பிளாஸ்டிக் பேந்தரை வெளியிட்டது. உள்ளே பேட்டரிகள் அடங்க வேண்டும் என்பதற்காக முடிவான அளவு அது. பிறகு அளந்து பார்த்தபோது அசலில் 35இல் ஒரு பங்கு என்று தெரிந்தது. தற்செயலாக அமைந்த அந்த 1/35தான் இன்று உலகெங்கும் ராணுவ மாதிரிகளுக்கு முதன்மையான அளவு. 6.87 மீட்டர் நீள வண்டியுடல் இதில் 20 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

மாதிரி செய்பவர்கள் பலர் ஏர்பிரஷ்ஷைத்தான் உயர்வாக நினைக்கிறார்கள். பிரஷ் என்றால், வாங்க முடியாதவர்களின் மாற்றுவழி என்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். படைவீரர் 7 சென்டிமீட்டர் அகலப் பிரஷ்ஷால் இழுத்த கோடு, 1/35இல் 2 மில்லிமீட்டர். நம் கையிலுள்ள சிறு பிரஷ்ஷின் அகலமும் ஏறத்தாழ அவ்வளவே.

அக்ரிலிக் வண்ணத்தைப் பால் பதத்துக்கு நீர்க்க வைக்க வேண்டும். பிரஷ்ஷில் தேங்கியதைத் துணியில் ஒற்றிவிட்டு, முதலில் திட்டின் எல்லையை இழுத்து, பிறகு உள்ளே நிரப்ப வேண்டும். முதல் பூச்சில் அடியிலுள்ள மஞ்சள் தெரியும். மனம் தளர வேண்டாம். நன்றாகக் காய்ந்தபின் இரண்டாவது, தேவையானால் மூன்றாவது. ஈரத்தின்மேல் மீண்டும் இழுத்தால் அடிப்பூச்சு உரிந்து வந்துவிடும். பச்சையில் சிறிது மஞ்சள் கலந்தால் நல்லது; அசல் நிறத்தை அப்படியே பூசினால் சிறிய உருவத்தில் கறுத்துத் தெரியும். விளிம்பு மென்மையாக வேண்டுமானால், அநேகமாக உலர்ந்த பிரஷ்ஷின் நுனியால் மெல்லக் குத்திக்கொண்டே போகலாம்.

நாஜிப் படையின் வண்டி இது; அதை வழிபட வேண்டியதில்லை. ஆனால் அதன்மேல் பதிந்த கைவேலையை உள்ளபடி காட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் மரியாதை. அடிமஞ்சள் தொழிற்சாலைப் பூச்சு, ஆகவே அது வழுவழுப்பாக இருக்கட்டும்; வசதியிருந்தால் ஸ்பிரேயிலேயே அடியுங்கள். மேலே வரும் பச்சையும் பழுப்பும் களத்தில் பூசியவை. ஏதாவது ஒரு வண்டியின் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு பாருங்கள். அதில் திட்டின் விளிம்பு கூர்மையாக இருந்தால், தயங்காமல் பிரஷ்ஷை எடுங்கள். அந்த வண்டிக்கு அதுதான் சரியான கருவி.