ஒரு திரைப்படமும் அதைத் தூற்றிய சபையும்

1939ஆம் ஆண்டு யூலை 7ஆந் திகதி. பாரிஸ் மாநகரின் ஷாம்ஸ் எலிசே வீதியிலுள்ள கொலிசே படமாளிகையில் ஒரு புதிய பிரெஞ்சுத் திரைப்படம் காட்டப்பட்டது. சபையிலே கூச்சலும் ஏளனமும் எழுந்தன. ஒருவர் செய்தித்தாளைக் கொளுத்தி மண்டபத்துக்கே தீயிட முயன்றாரென, படத்தை ஆக்கிய ழான் ரெனுவார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். படத்தின் பெயர் 'ஆட்டத்தின் விதி'.

அச்சபையைச் சினங்கொள்ளச் செய்தது யாது? கதை எளியது. பிரபு ஒருவரின் நாட்டுப்புற மாளிகையில் விருந்தினர் கூடுகின்றனர். பகலில் முயல்களையும் பறவைகளையும் சுட்டு வீழ்த்துகின்றனர். இரவில் வேடம் புனைந்து ஆடுகின்றனர். பிறர் மனை நயக்கின்றனர். எசமானர் மேலே நடத்தும் நாடகத்தையே வேலைக்காரர் கீழே நடத்துகின்றனர். ஈற்றில், பொய் பேசத் தெரியாத விமானி ஒருவன் வேறொருவனென்று தவறாகக் கருதப்பட்டுச் சுடப்பட்டு மடிகிறான். மாளிகைக்காரர் அதனை வருந்தத்தக்க விபத்தென நாகரிகமாக அறிவித்து, விருந்தினரை உள்ளே போகுமாறு வேண்டுகிறார். கொலை மறைக்கப்படுகிறது, ஆட்டம் தொடர்கிறது.

இதனை அக்காலச் சூழலில் வைத்து நோக்குவோம். 1938 செப்ரெம்பரில் மியூனிச் நகரில் செக்கோசிலவாக்கியாவின் ஒரு பகுதி ஹிட்லருக்குத் தாரைவார்க்கப்பட்டது. 1936இல் மக்கள் நம்பிக்கையோடு ஆட்சியிலேற்றிய மக்கள் முன்னணி சிதைந்துவிட்டது. போர் வாசலில் நின்றது. அவ்வேளையில், தன் சுகத்தைத் தவிர வேறெதனையும் காண விரும்பாத மேல்வர்க்கத்தின் முன் ரெனுவார் கண்ணாடியைப் பிடித்தார். பிரபுவாக நடித்த டாலியோ ஒரு யூதர். கதாநாயகி நோரா கிரெகோர் ஒஸ்திரியாவிலிருந்து வந்தவர். இனவெறியருக்கு இவையும் உறுத்தின. செப்ரெம்பர் 3ஆந் திகதி பிரான்ஸ் போரில் இறங்கியது. ஒக்ரோபரில், மக்களின் மனவுறுதியைக் குலைப்பதென்ற பெயரில், அரசாங்கம் படத்தைத் தடைசெய்தது. முன்னரே பல இடங்களில் வெட்டிக் குறைக்கப்பட்டிருந்த அப்படத்தின் மூலச்சுருளும் 1942ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் அழிந்தது.

ஆயினும், படத்தை ஏற்காதார் அனைவரையும் பிற்போக்கினரென ஒதுக்குதல் நேர்மையாகாது. ரெனுவார் 1936இல் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் படமெடுத்தவர். 1938இல், தொழிற்சங்கங்களின் ஆதரவோடு மக்களிடம் பணந்திரட்டிப் பிரெஞ்சுப் புரட்சியைத் திரையில் வடித்தவர். அத்தகையவரின் இப்படத்தில் போராடும் தொழிலாளி எங்கே? வேலைக்காரர் எசமானரின் நிழல்கள்தாமா? ஒவ்வொருவருக்கும் அவரவர் நியாயம் உண்டென்ற பார்வை, குற்றவாளிகளையும் மன்னித்துவிடாதா? இவை இன்றும் கேட்கத்தக்க கேள்விகளே. எனினும் மருத்துவர் நோயைக் காட்டும்போது, மருந்தையும் அதே மூச்சில் சொல்லவில்லையே என்று நோய்க்குறிகளை மறுத்தல் தகுமோ?

1959இல் படப்பிரியர் சிலர் எஞ்சிய துண்டுகளைத் தேடித் திரட்டி, ரெனுவாரின் இசைவோடு 106 நிமிடப் படமாக அதனை மீட்டனர். பிரித்தானியச் சஞ்சிகையான 'சைட் அன்ட் சவுண்ட்' உலக விமரிசகரிடையே நடத்திய கணிப்பில், 1952இல் 10ஆம் இடத்திலிருந்த அப்படம் 1962இல் 3ஆம் இடத்தையும் 1972இல் 2ஆம் இடத்தையும் அடைந்தது. 2022இல் 13ஆம் இடத்துக்கு இறங்கியது.

வெட்டுண்ட பகுதிகள் மீண்டும் சேர்ந்தமை மதிப்பு உயர்ந்ததற்கு ஒரு காரணம். மற்றொன்று வரலாறு. 1940 யூனில் பிரான்ஸ் நாசிகளிடம் சரணடைந்தபின், கொலிசேயில் எழுந்த கூச்சலின் பொருள் விளங்கிற்று.

ஆகவே, செல்வர் வீதியின் ஓர் இரவுக் கூச்சலை மக்கள் தீர்ப்பென்று கொள்ளலாகாது. விமரிசகர் பட்டியலையும் வேதவாக்காகக் கொள்ளலாகாது. அதுவும் ஒரு காலத்தின், ஒரு கூட்டத்தின் குரலே. ஒரு படைப்பைப் பற்றி எவர் சொன்னார், எங்கிருந்து சொன்னார், எதைக் காண அஞ்சினார் என்று நாம் வினவ வேண்டும். இரசிகனின் அபிப்பிராயமும் ஒரு வரலாற்றுச் சான்று. நம்முடைய அபிப்பிராயமும் அத்தகையதே.