பொன் தகடும் பொற்சுரங்கமும்

பொன் என்றால் நம் நினைவுக்கு வருவன தாலியும் வளையலும் அடகுக் கடையுமே. ஆயினும் அணுவின் அகத்தை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றில் பொன்னுக்கு இருமுறை இடம் கிடைத்தது. முதன்முறை அது மெல்லிய தகடாக இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உதவிற்று. இரண்டாம் முறை, பொன் விளையும் சுரங்கமே ஆய்வுக்கூடமாயிற்று. அச்சுரங்கம் அன்றைய மைசூர் மாநிலத்துக் கோலார் தங்கவயலில் இருந்தது. அங்கே பூமிக்கடியில் உழைத்தவர்களுள் பெரும்பகுதியினர் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடிச் சென்ற தமிழர். தாமும் ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நேயர்கள் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் தகும்.

அணு பிளக்க இயலாதது என்றே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை பலரும் கருதினர். 1897-இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்ததும் அக்கருத்து தகர்ந்தது. மிக இலேசான ஹைட்ரஜன் அணுவின் எடையில் ஏறத்தாழ 1,840-இல் ஒரு பங்கே உள்ள இத்துகள் எதிர் மின்னேற்றம் உடையது. அங்ஙனமாயின் அணுவிலுள்ள நேர் மின்னேற்றம் எங்கே? அஃது அணு முழுவதும் பரவியிருக்கிறது, தர்ப்பூசணிச் சதையில் விதைகள் போல எலெக்ட்ரான்கள் அதனுள் பதிந்துள்ளன என்று தாம்சன் எண்ணினார்.

1909-இல் மான்செஸ்டரில் ரதர்போர்டின் வழிகாட்டலில் கைகர் என்பவரும் மார்ஸ்டன் என்ற இளம் மாணவரும் ஒரு சோதனை செய்தனர். பொன் முதலிய உலோகத் தகடுகளின் மீது ஆல்பாத் துகள்களைப் பாய்ச்சி, இருட்டறையில் அமர்ந்து, திரையில் தோன்றும் மினுக்கொளிகளை நுண்ணோக்கி வழியே ஒவ்வொன்றாக எண்ணினர். பெரும்பாலான துகள்கள் தகட்டை ஊடுருவிச் சென்றன. பல்லாயிரத்தில் ஒன்று மட்டும் வந்த வழியே திரும்பிற்று. தாம்சன் கூறியது உண்மையாயின் இது நடந்திருக்க இயலாது. அணுவின் நேர் மின்னேற்றமும் ஏறக்குறைய முழு எடையும் நடுவே ஒரு சிறு கருவில் குவிந்துள்ளன என்று 1911-இல் ரதர்போர்டு முடிவு கூறினார். பொன் அணுவின் கருவைக் கடுகளவு என்று கொண்டால், அணு முழுவதும் ஏறத்தாழ 40 மீட்டர் அகலமுள்ள உருண்டையாகும். இடைப்பட்ட வெளியில் எலெக்ட்ரான்களன்றி வேறில்லை.

கருவுக்குள் இருப்பன யாவை என்னும் வினாவும் படிப்படியாக விடை பெற்றது. 1919-இல் புரோட்டானை ரதர்போர்டும், 1932-இல் மின்னேற்றம் இல்லாத நியூட்ரானைச் சாட்விக்கும் வெளிப்படுத்தினர். நாம் அணியும் பொன்னின் ஒவ்வோர் அணுவிலும் 79 புரோட்டான்களும் 118 நியூட்ரான்களும், சுற்றிலும் 79 எலெக்ட்ரான்களும் உள்ளன.

ஆயினும் ஒரு கணக்கு மட்டும் உதைத்துக்கொண்டே இருந்தது. சில அணுக்கருக்கள் எலெக்ட்ரானை உமிழும்போது ஆற்றலில் ஒரு பங்கு காணாமற்போயிற்று. கண்ணுக்குத் தட்டுப்படாத ஒரு துகள் அதனைக் கொண்டு செல்கிறது என்று 1930-இல் பவுலி ஊகித்தார். அதுவே நியூட்ரினோ. பூமியையே தடையின்றி ஊடுருவ வல்ல அத்துகளை அமெரிக்காவில் ரைன்சும் கோவனும் 1956-இல் அணு உலையின் அருகே கண்டுபிடித்தனர்.

இயற்கையிலும் நியூட்ரினோக்கள் தோன்ற வேண்டும். விண்ணிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது மியூவான் என்னும் துகள்களும் நியூட்ரினோக்களும் பிறக்கின்றன. நிலப்பரப்பில் மியூவான்கள் மழைபோல் பொழிவதால், மிக அரிதாகவே அகப்படும் நியூட்ரினோவின் தடத்தை அங்கே பிரித்தறிய இயலாது. மியூவான்களை வடிகட்டப் பல ஆயிரம் அடி பாறை தேவை. அத்தகைய ஆழம் கோலாரில் ஆயத்தமாக இருந்தது.

பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 1951 முதல் அங்கே மியூவான்களை அளந்து வந்தனர். 1960-களின் தொடக்கத்தில் 2,700 மீட்டருக்கும் கீழே கருவியை வைத்தபோது, ஏறத்தாழ இரண்டு மாதம் ஒரு மியூவானும் பதிவாகவில்லை. ஏமாற்றம் போலத் தோன்றிய அவ்வெறுமையே நற்செய்தியாயிற்று. நியூட்ரினோவைத் தேட ஏற்ற அமைதி அங்கே இருந்தது. எம். ஜி. கே. மேனன், பி. வி. ஸ்ரீகண்டன் முதலிய இந்தியர்கள், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆகிய பல்கலைக்கழகத்தாருடன் கூடி, சாம்பியன் ரீப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவினர். எஞ்சிய சில மியூவான்கள் மேலிருந்தே இறங்கும். பக்கவாட்டில் ஒரு தடம் தென்பட்டால், அது சுற்றிலும் உள்ள பாறையில் நியூட்ரினோ மோதியதன் விளைவே. அத்தகைய தடங்கள் 1965-இல் கிட்டின. தென்னாப்பிரிக்கப் பொற்சுரங்கம் ஒன்றில் ரைன்ஸ் குழுவினரும் அவ்வாண்டு பிப்ரவரியிலேயே தடம் கண்டிருந்தனர். ஆயினும் 1965 ஆகஸ்டில் முதலில் அச்சேறியது கோலார்க் குழுவின் கட்டுரையே. இவ்வகை நியூட்ரினோக்களை ஆராய்ந்தே, நியூட்ரினோவுக்கு எடை உண்டு என்பதற்கு வலுவான சான்றை 1998-இல் ஜப்பானியர் வெளியிட்டனர்.

பின்னர் 1980-களில் அதே சுரங்கத்தில், புரோட்டானுக்கு அழிவு உண்டா என்று 140 டன் எடையுள்ள இரும்புக் கருவியைக் கொண்டு ஆராய்ந்தனர். அழிவுக்கு ஒப்பான சில தடங்கள் தென்பட்டதாக அறிவித்தனர். பிற நாடுகளின் பெரிய கருவிகள் அதனை உறுதி செய்யவில்லை. புரோட்டான் அழிந்ததை இன்றளவும் எவரும் ஐயமறக் கண்டதில்லை.

அக்கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையில் இருப்பன அறிவியலாளர்களின் பெயர்களே. அவர்கள் இறங்கிய ஆழத்தைக் குடைந்தவர்களின் பெயர்கள் அங்கே இல்லை. பாறையின் வெப்பத்தில் வாடியும், அழுத்தத்தால் பாறை வெடித்துச் சிதறும் விபத்துகளில் உயிரிழந்தும், கல்தூசியால் நுரையீரல் பழுதடைந்தும் அவர்கள் பொன்னைத் தேடினர். அவர்கள் தேடாத ஒன்றும் அவர்கள் குடைந்த வழியிலேயே கிடைத்தது. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. எடுத்த பொன் எங்கெங்கோ சென்றுவிட்டது. 1965-இல் கிடைத்த அறிவோ யாருடைய பெட்டகத்திலும் அடங்காமல் உலகத்தார் அனைவருக்கும் பொதுவாயிற்று. அதில் அத்தொழிலாளருக்கும் ஒரு பங்கு உண்டு என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போமாக.