குசினிக்கு ஒரு சுவர்

போன ஏப்ரலில் அம்மா முடிவாகச் சொல்லிட்டாங்க: "இந்த வருஷம் குசினிய இடிச்சுக் கட்டியே ஆகணும்." கேகாலை மாவட்டத்தில், ரப்பரும் தேயிலையும் கலந்த ஒரு தோட்டத்தில், ஆறு காம்பரா லயத்தில் கடைசிக் காம்பரா எங்களுடையது. அளவெடுக்க வந்த பாஸ், டேப்பை விரிக்கும் முன்னே கேட்டார்: "ஒப்பீஸ்ல கடிதம் எடுத்தாச்சா?" அம்மா என்னைப் பார்த்தாங்க. நான் சுவரைப் பார்த்தேன். நாலு தலைமுறையாக நாங்க புகை ஏத்தின சுவர். அது எங்களுடையது இல்லை.

அந்தச் சுவர் எப்போ வந்தது, யார் கட்டியது என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பேர்களைப் பாருங்க. குசினி, காம்பரா இரண்டும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். இஸ்தோப்பு டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது. லயன் ஆங்கிலம். நாங்க உலை வைக்கும் இடத்துக்கு மூன்று நாட்டுக்காரர்கள் சொல் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் லயம் கட்டினபோது குசினி என்று ஒன்றை யாரும் கட்டவில்லை.

காரணம் கோப்பி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம்ம ஆட்கள் பெரும்பாலும் பழம் பறிக்கும் காலத்துக்கு வந்து, முடிந்ததும் ஊருக்குத் திரும்பினவர்கள். திரும்பிப் போகிறவனுக்கு எதற்குக் குசினி? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள், வரிசையாக, சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டி, ஜன்னல்கூட இல்லாமல். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தது. பின்னால் வந்த தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கை வேணும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து ஈரச் சரிவுகளில் பரவின ரப்பருக்கும் அப்படித்தான், விடியும் முன்னே பால் வெட்டப் போகணும். வந்தவர்கள் தங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள், பேரன் எடுத்தார்கள். பயிர் இரண்டு முறை மாறியது. அறை அதே அளவில் நின்றது.

1912இல் வந்த மருத்துவத் தேவைகள் சட்டம், லயங்களைச் சுகாதாரமாக வைத்திருப்பதைத் துரையின் கடமை ஆக்கியது. காகிதத்தில் நல்ல விஷயம்தான். ஆனாலும் புகை போக வழியை மக்களேதான் கண்டுபிடித்தார்கள். இஸ்தோப்பின் ஒரு பக்கத்தைத் தகரத்தாலோ பலகையாலோ மறைத்து, மூன்று கல் வைத்து, மேலே விறகு காய ஒரு பரண் கட்டினார்கள். தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டின மிலாறு, ரப்பர் மலையில் பழைய மரம் வெட்டும்போது கிடைக்கும் கிளை, இதுதான் எரிபொருள். கவ்வாத்து நாட்களில் அப்பாயி வேலை முடிந்து தலையில் மிலாறுக் கட்டோடுதான் வருவாங்களாம். எங்க குசினியும் அப்படி முளைத்ததுதான். ஒரு பிளானிலும் இல்லாத குசினி.

சரி, இத்தனை வருஷத்தில் ஏன் யாரும் கல்லு வைத்துக் கட்டவில்லை? சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர்களை நான் கேட்டிருக்கிறேன், கோபம் வரும். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து நம்மைப் பிரஜை இல்லை என்றது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். எந்தப் பக்கம் விழுவோம் என்று தெரியாத குடும்பம் சிமெந்து மூட்டை வாங்குமா? பாஸ்போட் வந்தால் பெட்டியைத்தான் தூக்கலாம், சுவரைத் தூக்க முடியாது. 1977இலும் 1981இலும் சபரகமுவவில் அடி விழுந்தது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கங்களில் லயங்களைக் கொளுத்தினார்கள். எத்தனையோ குடும்பங்கள் வவுனியாவுக்குப் போயின. அடுத்த வருஷம் இங்கே இருப்போமா என்று தெரியாதவர்கள் கட்டின குசினி தகரத்தில்தான் இருக்கும்.

முதலாளிகளும் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 1992இல் 22 பிராந்தியக் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் பிரித்துக் கொடுத்தது. எல்லோர் கணக்கிலும் லயம் தோட்டத்துச் சொத்துதான். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு குடியுரிமைப் பிரச்சினை ஒருவாறு தீர்ந்தது. காணி உறுதி மட்டும் பெரும்பாலானோர் கையில் இல்லை. இந்திய உதவியில் கட்டின தனி வீடுகளில், 550 சதுர அடிக்குள், பிளானிலேயே குசினி என்று ஓர் அறை இருக்கிறது. ஒரு சொந்தக்காரர் வீட்டில் அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அம்மாவுக்கு இந்த வேகம்.

இனி எங்க கதைக்கு வருவோம். பாஸும் நாங்களும் மூன்று ஞாயிறு உட்கார்ந்து பேசினோம். பின்பக்கம் நீட்டினால் மண்மேட்டை வெட்டணும். 2016 மே மாதம் இதே மாவட்டத்தில் அரநாயக்க மலை சரிந்ததை டீவியில் பார்த்தவர்கள் நாங்க. மேட்டைத் தொடுவதில்லை என்று முதல் நாளே முடிவு. பக்கத்துக் காம்பராவோடு பொதுச்சுவர் என்பதால் அந்த அக்காவிடமும் கேட்டோம், புகை அவங்க பக்கம் போகாமல் இருந்தால் போதும் என்றாங்க. கூரை பழைய அஸ்பெஸ்டோஸ். புகைக்கூண்டுக்காக அதில் ஓட்டை அறுத்தால் தூசி நுரையீரலுக்குப் போகும். ஒரு சீட்டை நனைத்து உடையாமல் முழுசாகக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தகரம் போட்டு, அதில் கூண்டை ஏற்றலாம் என்றார் பாஸ். நல்ல யோசனை.

சண்டை வந்தது அடுப்பில்தான். நான் காஸ் அடுப்பு, ஸ்லாப், டைல்ஸ் என்று கீறிக் கொடுத்தேன். அம்மா பேப்பரை வாங்கிப் பார்த்து, "விறகடுப்பு எங்க?" என்றாங்க. 2022இல் காஸும் இல்லை, லாம்பெண்ணெயும் இல்லை, டவுனில் இருந்த மாமா வீட்டார் எங்க தகரக் குசினிக்கு வந்து சோறு ஆக்கினது எனக்குத்தான் மறந்துபோச்சு. மூலையில் இரண்டு பானை வைக்கிற களிமண் அனகி அடுப்புக்கு இடம் விட்டு மறுபடி கீறினேன். மேலே பரண்.

கடிதம் எழுதிக் கொடுத்து ஏழு வாரம் ஆச்சு. நாளைக்கு வாங்க என்றுதான் பதில். சிமெந்து பன்னிரண்டு மூட்டை கட்டிலுக்குக் கீழே, மழை ஈரம் படாமல் ரப்பர் சீட் சுற்றி இருக்கிறது. அம்மா தினமும் ஒருதடவை தொட்டுப் பார்க்கிறாங்க, இறுகிப் போச்சா என்று.